ரிசர்வ் சைட் பூங்கா, சொட்டுநீர், இரண்டு கோடை: வேலை செய்து கொடுத்தவர்களைப் பற்றி

எங்கள் நகர் பூங்காவைப் புதுப்பித்துக் கொடுத்த நிறுவனம் எப்படி என்று இதுவரை மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். மூவரும் பக்கத்து நகர்களின் குடியிருப்போர் சங்கச் செயலாளர்கள், மூவரிடமும் அதே ஆட்கள் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் முக்கால் மணி நேரம் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம், அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். பெயர் போட மாட்டேன். பாக்கித் தொகை விஷயத்தில் இன்னும் பேச்சு ஓடுகிறது, எங்கள் தலைவர் 'பேரை மட்டும் போட்றாதீங்க சாமி' என்று கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டார். பெயர் இல்லாவிட்டாலும் இதில் உள்ளதெல்லாம் யாரிடம் இந்த வேலையைக் கொடுத்தாலும் கேட்க வேண்டிய விஷயங்கள்தான்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூர், கிழக்குப் பக்கம், கருமண். 18 சென்ட் ரிசர்வ் சைட், அதாவது மனை பிரிக்கும்போது பொது உபயோகத்துக்கு ஒதுக்கிய இடம். மாநகராட்சி இடம், பராமரிப்பது நாங்கள். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் யாரோ ஒரு புண்ணியவான் பேச்சைக் கேட்டு 3,000 சதுர அடிக்குக் கொரியன் புல் விரித்தார்கள். பார்க்கப் பச்சைக் கம்பளம்தான், ஆனால் அதற்குத் தண்ணீர் காட்டவே ஒரு ஆள் தேவைப்பட்டது. நல்ல தண்ணி எங்களுக்கே முறை வைத்துத்தான் வரும், பூங்காவுக்கு உப்புத் தண்ணி போர் ஒன்றுதான் கதி. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்த மாவட்டங்களாக அறிவித்தார்களே, அந்த வருடம் அந்தப் போரும் காற்று கக்கியது. புல் வைக்கோலானது. மழை வந்ததும் பாதி திரும்ப முளைத்தது, மீதி இடத்தில் கோரை வந்தது. அதற்கும் தண்ணீர் விட்டுக்கொண்டுதான் இருந்தோம், பழக்க தோஷம்.

எவ்வளவு விட்டோம் என்று ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 20 லிட்டர் பக்கெட் அந்த ஹோஸில் 40 விநாடியில் நிரம்பியது, அப்படியானால் நிமிடத்துக்கு 30 லிட்டர். வாரம் ஆறு நாள், நாளைக்கு இரண்டு மணி நேரம், அப்படியானால் நாளைக்கு 3,600 லிட்டர். புல்லுக்கு உண்மையில் எவ்வளவு வேண்டும் என்றால், 3,000 சதுர அடி சுமார் 280 சதுர மீட்டர், ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால் அது ஒரு லிட்டர், நம்மூர்க் கோடையில் புல் நாளைக்கு ஐந்து ஆறு மில்லிமீட்டர் குடிக்கும் என்று வைத்தாலும் 1,700 லிட்டரைத் தாண்டாது. மீதி, கிட்டத்தட்ட 2,000 லிட்டர், தினமும் நடைபாதை வழியாகச் சாக்கடைக்குப் போயிருக்கிறது. இதைச் சங்கக் கூட்டத்தில் சொன்னபோது முதலில் யாரும் நம்பவில்லை, சாக்கடை ஓரம் மட்டும் ஏன் எப்போதும் பச்சையாக இருக்கிறது என்று கேட்டதும் அமைதியானார்கள்.

அப்படித்தான் 2023இல் இந்த நிறுவனம் உள்ளே வந்தது. வறட்சி தாங்கும் செடிகள், சொட்டுநீர், டைமர், மழை வந்தால் தானே நின்றுகொள்ளும் சென்சார், ஒரு வருடப் பராமரிப்பு, எல்லாம் சேர்த்து 4,60,000 ரூபாய். வழவழப்பான தாளில் வண்ணப் படங்கள். கூட்டத்தில் புல்லை எடுக்கவே கூடாது என்று ஒரு அணி இருந்தது. அப்போது ஒரு ஐயா, மகன் அமெரிக்காவில் இருக்கிறார், எழுந்து லாஸ் வேகாஸ் கதையைச் சொன்னார். அங்கே 2021இல் சட்டமே போட்டிருக்கிறார்கள், சாலை ஓரத்திலும் அலுவலக வாசலிலும் யாரும் காலே வைக்காத அலங்காரப் புல்லுக்கு 2026 முடிந்த பிறகு கொலராடோ ஆற்றுத் தண்ணீரை விடக் கூடாது. அவ்வளவு பணக்கார ஊரே புல்லைப் பிடுங்குகிறது என்றதும் அணி கலைந்தது. குழந்தைகள் விளையாட 600 சதுர அடி மட்டும் புல்லாக விடுவது என்று முடிவானது. அது சரியான முடிவு என்று இன்றும் சொல்வேன், காலில் படுகிற புல் வேறு, கண்ணுக்கு மட்டும் வைக்கிற புல் வேறு.

இனி செடிகள். வறட்சி தாங்கும் செடி என்று யாராவது சொன்னாலே நம்மூர்க்காரனுக்கு முதலில் ஞாபகம் வருவது சீமைக்கருவேலம். அதைவிட வறட்சி தாங்கிய செடி உண்டா? தாங்கும் என்பது மட்டும் போதாது. இவர்கள் முதலில் கொடுத்த பட்டியலில் வேலி ஓரம் முழுக்கக் கோனோகார்பஸ் என்கிற வேகமாக வளரும் வெளிநாட்டு மரம், நடுவில் குட்டை லான்டானா. லான்டானா என்றால் நீலகிரிக் காட்டைத் தின்றுகொண்டிருக்கிற அதே உண்ணிச்செடியின் தங்கச்சிதான், நர்சரியில் கலர் கலராக விற்பதால் யாருக்கும் தெரிவதில்லை. இரண்டையும் அடித்துவிட்டேன். சூப்பர்வைசருக்கு முகம் சுருங்கியது. 'சார், கோனோகார்பஸ்தாங்க இப்ப எல்லா பக்கமும் போடறாங்க, ஆறு மாசத்துல சுவர் மாதிரி வந்துரும்' என்றார். 2025இல் தமிழ்நாடு அரசு அந்த மரத்தையே தடை செய்தது. அன்றைக்கு நட்டிருந்தால் இன்றைக்குக் கோடாரி எடுத்திருப்போம்.

அரளிக்கும் சண்டை நடந்தது. நெடுஞ்சாலை நடுவில் எல்லாம் அரளிதானே இருக்கிறது என்று அவர்கள் கேட்டார்கள். இருக்கிறது, ஆடு மாடு தொடாது, எதிர் வண்டி வெளிச்சம் கண்ணில் அடிக்காது, தண்ணீர் கேட்காது, நெடுஞ்சாலைக்கு அதைவிட நல்ல செடி கிடையாது. ஆனால் இலை, பூ, காய், பட்டை எல்லாமே விஷம். மூன்று வயதுக் குழந்தைகள் கையில் கிடைத்ததை வாயில் வைக்கிற இடத்தில் அது எதற்கு? இதற்கு அவர்கள் உடனே ஒத்துக்கொண்டார்கள், அதைப் பாராட்டத்தான் வேண்டும். சொன்னால் கேட்கிற ஆட்கள். சொல்லாவிட்டால் அவர்களாக யோசிப்பது குறைவு.

கடைசியில் வந்தது: ஆவாரை, நொச்சி, ஆடாதொடை, காகிதப்பூ, கற்றாழை, ஓரத்தில் புங்கையும் பூவரசும், சரிவில் வெட்டிவேர், புல்லை எடுத்த இடத்தில் பாதிக்குப் பொடுதலை. பொடுதலை நான் கேட்டு வாங்கியது. வயல் வரப்பில் மிதிபட்டுக் கிடக்கிற செடிதான், அதைக் காசு கொடுத்து வாங்குவதா என்று தலைவர் கேட்டார். கலிஃபோர்னியாவில் இதே செடியின் ஒரு ரகத்தைக் குராபியா என்று பெயர் வைத்துப் புல்தரைக்கு மாற்றாக விற்கிறார்கள் என்று சொன்ன பிறகுதான் மதிப்பு வந்தது! தரையோடு தரையாகப் படரும், சின்னச் சின்னப் பூ, மிதித்தால் தாங்கும், வெட்ட வேண்டியதில்லை. ஒரு குறை சொல்ல வேண்டும், பூ இருக்கிற நாட்களில் தேனீ வரும், வெறுங்காலோடு குழந்தைகளை அந்தப் பக்கம் விட முடியாது. இன்னொன்று, நகரில் இருக்கிற பாட்டிகள் எல்லாம் பொடுகுத் தைலம் காய்ச்சக் கைப்பிடி கைப்பிடியாகப் பறித்துப் போகிறார்கள். அதைக் குறை என்று சொல்ல மாட்டேன்.

செடிகளின் தரத்துக்கு ஐந்தில் நான்கு கொடுக்கலாம். வேர் பிடித்த பைச் செடிகள், நோய் இல்லை. நட்ட ஆட்களும் குழியை ஒழுங்காக எடுத்து மக்கிய எரு போட்டார்கள். ஒரு அடி ஆழத்துக்குப் புது மண் போடுவதாகச் சொன்ன இடத்தில் கடப்பாரையை இறக்கிப் பார்த்தேன், ஏழு அங்குலத்தில் செங்கல் ஜல்லி தட்டியது. கேட்டதும் மறுநாளே இரண்டு லோடு கொண்டுவந்து கொட்டினார்கள். நான் கடப்பாரையோடு போகாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பது வேறு கதை.

சொட்டுநீர்தான் என்னை எழுத வைத்தது.

வேலை முடிந்து திறப்பு விழா மாதிரி ஒரு சின்ன பூஜை வைத்தோம். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிற என் பெரியப்பா அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்தார், பூஜைக்கும் கூடவே வந்தார். முப்பது வருடமாகச் சொட்டுநீரோடு குடும்பம் நடத்துகிறவர். எல்லோரும் பூவைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் நேராகத் தொட்டிப் பக்கம் போய்க் குழாயைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார்: 'ஏன் கண்ணு, பில்டர் எங்க வெச்சிருக்காங்க?'

தண்ணீரை வடிகட்டும் பில்டர் இருந்தது. இருந்தது என்றால், கட்டைவிரல் அளவில் ஒரு வலை பில்டர், அதுவும் கழற்ற முடியாதபடி சிமெண்ட் போட்டுச் சுவருக்குள் புதைத்த குழாயில். 900 அடி போர் உப்புத் தண்ணி, மூடி உடைந்த தொட்டியில் பாசி, அதற்கு இந்த பில்டர். தோப்பில் அவர் வைத்திருப்பது டிஸ்க் பில்டர், அதாவது தட்டுகளை அடுக்கி வைத்த ரகம், முன்னாலும் பின்னாலும் ஒரு பிரஷர் கேஜ். இரண்டு முள்ளுக்கும் நடுவில் அரை கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) வித்தியாசம் வந்தால் தட்டைக் கழற்றிக் கழுவ வேண்டும், அவ்வளவுதான் வித்தை. கேஜே இல்லாத இடத்தில் அடைப்பு வந்ததே செடி வாடிய பிறகுதான் தெரியும். நான் சூப்பர்வைசரிடம் கேட்டேன். 'கார்டனுக்கு இது போதுங்க சார், விவசாயத்துக்குத்தான் அதெல்லாம்' என்றார். தண்ணீருக்குத் தெரியுமா இது கார்டன், இது விவசாயம் என்று?

பெரியப்பா அடுத்துக் கேட்டது அழுத்தம். தொட்டி பத்து அடித் தூண் மேல் இருக்கிறது. பத்து மீட்டர் உயரத்துக்குத்தான் ஒரு கிலோ அழுத்தம், பத்து அடிக்கு 0.3 கிலோ வந்தால் அதிகம். இவர்கள் போட்டது மணிக்கு 4 லிட்டர் டிரிப்பர், அதாவது சொட்டு விடுகிற முனை, அந்த 4 லிட்டரைக் கொடுக்க அதற்கு ஒரு கிலோ வேண்டும். கொட்டேஷனில் எழுதியிருந்தது அழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் ஒரே அளவு தண்ணீர் விடுகிற ரகம், போட்டிருந்தது சாதா ரகம். எனக்கு அதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கத் தெரியாது. ஆனால் அளக்கத் தெரியும். வீட்டில் இருந்த ஊறுகாய் டப்பாக்களைத் திரட்டி மேட்டில் ஐந்து, பள்ளத்தில் ஐந்து டிரிப்பருக்கு அடியில் வைத்து 15 நிமிடம் விட்டேன். 4 லிட்டர் என்றால் கால் மணியில் ஒரு லிட்டர் வர வேண்டும். மேட்டில் 320 மில்லி, பள்ளத்தில் 650. அதாவது மேட்டுச் செடி பட்டினி, பள்ளத்துச் செடிக்கு இரண்டு பங்கு, இருவருக்குமே சொன்னது கிடைக்கவில்லை. வேறு எதையும் மறந்தாலும் இந்த டப்பாச் சோதனையை மறக்காதீர்கள், ஒரு பைசா செலவில்லை, முழுத் தொகை கொடுப்பதற்கு முன்னால் செய்துவிடுங்கள்.

நான் சோதனை செய்தது முழுத் தொகையில் 40,000 போக மீதியைக் கொடுத்த பிறகு.

இதைப் படம் எடுத்து அனுப்பியதும் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் வேலைக்கு நடுவில் எவ்வளவு நன்றாகப் பேசினார்களோ அவ்வளவு மோசமாக வேலைக்குப் பின் பேசினார்கள். முதல் வாரம் 'பார்க்கறோங்க சார்'. இரண்டாம் வாரம் 'டெக்னீஷியன் ஊருக்குப் போயிருக்காருங்க'. நான்காம் வாரம் சூப்பர்வைசரே வேலையை விட்டுவிட்டார். புதிதாக வந்தவருக்கு எங்கள் பூங்கா எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கடைசியில் அரை எச்.பி. மோட்டார் ஒன்றும் டிஸ்க் பில்டரும் நாங்களே வாங்கி மாட்டினோம், நகரிலேயே இருக்கிற பிளம்பர் தம்பி ஒரே நாளில் முடித்துக் கொடுத்தார். டிரிப்பர்களை மட்டும் அவர்கள் செலவில் மாற்றிக் கொடுத்தார்கள், அதுவும் ஐந்து மாதம் கழித்து. அதன் பிறகு அளந்ததில் எல்லா டப்பாவிலும் 900க்கு மேல்.

டைமர் கதை சிரிப்பு. தினமும் காலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் என்று வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், எல்லாச் செடிக்கும் ஒரே வால்வு. கற்றாழைக்கும் அதே பத்து நிமிடம், புங்கைக் கன்றுக்கும் அதே பத்து நிமிடம். தினம் கொஞ்சம் கொஞ்சமாக மேலோட்டமாக நனைத்தால் வேர் மேலேயே உட்கார்ந்துகொள்ளும், கீழே இறங்கவே இறங்காது, அப்புறம் ஒருநாள் மோட்டார் ஓடாவிட்டால் செடி தலையைத் தொங்கப்போடும். வறட்சி தாங்கும் செடியை இப்படித்தான் வறட்சி தாங்காத செடியாக மாற்றுவார்கள். கருமண் வேறு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுமா, பள்ளத்தில் இருந்த பதினோரு ஆவாரை அழுகிப் போயின. ஆவாரை தண்ணீர் இல்லாமல் செத்தது என்றால் கூட நம்பலாம், தண்ணீர் அதிகமாகிச் செத்ததை எங்கள் பூங்காவில்தான் பார்த்தேன்.

மழை சென்சார் அதைவிட. அக்டோபரில் கொட்டுகிற மழை, குடை பிடித்துக்கொண்டு பால் வாங்கப் போகிறேன், உள்ளே சொட்டுநீர் சமர்த்தாக ஓடிக்கொண்டிருக்கிறது. சென்சார் கெட்டுவிட்டதோ என்று தேடினால், அதைத் தொட்டித் தளத்துக்கு அடியில், ஒரு சொட்டு மழை படாத இடத்தில் பத்திரமாக மாட்டியிருக்கிறார்கள். நனைந்துவிடக் கூடாதாம்.

கறுப்புத் துணியும் வெள்ளைக் கூழாங்கல்லும் எனக்குப் பிடிக்கவில்லை, இதில் நகரில் இரண்டு கருத்து உண்டு. களை வராமல் இருக்கத் தரை முழுக்க ஒரு பிளாஸ்டிக் துணி விரித்து அதன் மேல் கூழாங்கல் கொட்டுவது இப்போதைய நாகரிகம். படத்தில் பளிச்சென்று இருக்கும். ஏப்ரல் மத்தியானம் அந்தப் பக்கம் போய் நின்று பாருங்கள், தோசைக்கல். கீழே மண்ணுக்குள் எதுவும் மக்காது, மண்புழு வராது, இரண்டு வருடத்தில் கல்லுக்கு மேல் தூசி படிந்து அதிலேயே களை முளைக்கிறது. ஊரில் மூடாக்கு என்று ஒன்று, மண்ணை மட்டையாலோ சருகாலோ மூடி வைப்பது, காலம் காலமாக இருக்கிறது. எங்களுக்குப் பக்கத்திலேயே பொள்ளாச்சி, தேங்காய் உரிமட்டைக்கா பஞ்சம்? ஒரு வண்டி இறக்கி, கல்லை எடுத்துவிட்டு நாங்களே பரப்பினோம். ஈரம் நிற்கிறது, ஒரு வருடம் கழித்து அது மண்ணாகிறது. பார்க்கக் கொஞ்சம் தோப்பு மாதிரி இருக்கிறது என்று சிலருக்கு வருத்தம். பூங்காவும் தோப்பு மாதிரி இருந்தால் என்ன?

முதல் கோடை, 2024. வெயில் எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. இதில் நிறுவனத்தின் மேல் எனக்கு உண்மையான கோபம் ஒன்று உண்டு. விற்கும்போது 'இந்தச் செடிக்கெல்லாம் தண்ணியே வேண்டாங்க' என்றார்கள். அது பாதிப் பொய். வேர் இறங்கிய ஆவாரைக்குத் தண்ணீர் வேண்டாம். நேற்று பையிலிருந்து எடுத்து நட்ட ஆவாரைக்கு முல்லைக்கு விடுகிற மாதிரியே விட வேண்டும், முதல் ஒரு வருடமாவது. அப்புறம் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், விடுகிற நாளில் ஆழமாக விட வேண்டும். குழந்தைக்குப் பால் மறக்கடிப்பது மாதிரி. இதைச் சொல்லாததால் எங்கள் ஆட்கள் மார்ச்சிலேயே 'தண்ணி வேண்டாதாமே' என்று டைமரை அணைத்துவிட்டார்கள். பதினைந்து நாளில் மேட்டுப் பக்கம் நொச்சியும் ஆடாதொடையும் குச்சியானது. முப்பது செடி போனது. பராமரிப்பு ஒப்பந்தத்தில் மாற்றுச் செடி உண்டு என்று இருந்தது, ஆனால் தண்ணீர் விடாதது நீங்கள் என்று சொல்லிவிட்டார்கள். தாளில் எழுதி வாங்காதது என் தப்பு.

அணிலையும் மயிலையும் இவர்கள் மேல் போட முடியாது. அணில் தாகத்துக்குக் குழாயைக் கடிக்கும், இது தோப்புக்காரர்களுக்குத் தெரியும். ஒரு அகலமான மண்சட்டியில் தண்ணீர் வைத்த பிறகு பாதி குறைந்தது, குழாயை மூடாக்குக்கு அடியில் தள்ளிய பிறகு மீதியும் குறைந்தது. மயிலுக்குத்தான் மருந்தில்லை, கோவையின் வெளிப்பகுதியில் வீடு இருக்கிறவர்களுக்குப் புரியும். புதிதாக ஒட்டிய பொடுதலையைக் கோழி மாதிரி கிளறிவிட்டுப் போனது, வேர் பிடிக்கும் வரை பழைய மீன்வலை போட்டு மூடி வைத்தோம்.

சரி, இப்போது எப்படி இருக்கிறது? நன்றாக இருக்கிறது. திட்டித் தீர்த்துவிட்டு இப்படிச் சொல்வது வேடிக்கைதான், ஆனால் உண்மை. இரண்டாவது கோடையில் செடி ஒன்றுகூட வாடவில்லை. வால்வை மூன்றாகப் பிரித்துவிட்டோம், மரம், செடி, கற்றாழை என்று. மொத்தம் 420 டிரிப்பர், மணிக்கு 1,680 லிட்டர். வாரம் இரண்டு நாள் ஒரு மணி நேரம் ஓட்டினால் 3,360 லிட்டர், கற்றாழை வால்வைப் பெரும்பாலும் திறப்பதே இல்லை என்பதால் அதிலும் குறையும். விட்டு வைத்த சின்னப் புல்தரைக்கு வாரம் மூன்று நாள் ஹோஸில் கால் மணி நேரம், 1,350 லிட்டர். ஆகமொத்தம் வாரத்துக்கு 4,700 வரும். முன்னால் வாரம் ஆறு நாள் 3,600 வீதம் 21,600 விட்டோம். கால் பங்குக்கும் கீழே. இதில் சொட்டுநீரின் பெருமை எவ்வளவு, புல்லை எடுத்ததன் பெருமை எவ்வளவு என்று கேட்டால் எடுத்த புல்லுக்கே பாதிக்கு மேல் கொடுப்பேன். குழாயை மாற்றாமல் புல்லை மட்டும் மாற்றியிருந்தாலே நிறைய மிச்சமாகியிருக்கும். கையில் காசு குறைவாக உள்ள சங்கங்கள் அதிலிருந்து தொடங்கலாம்.

மோட்டார் ஓடும் நேரம் குறைந்ததில் கரண்ட் பில்லும் இறங்கியது, ஆனால் அதை நான் தனியாக எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்தது பில்டர் கழுவிய நாட்கள்தான். ஞாயிற்றுக்கிழமை தோறும் யாராவது ஒருவர் தட்டைக் கழற்றிக் கழுவி, லேட்டரல், அதாவது டிரிப்பர் மாட்டிய மெல்லிய குழாய், அதன் கடைசியில் எட்டு மாதிரி இருக்கிற எண்ட் கேப்பைக் கழற்றிவிட்டு, சிவப்பாக வரும் தண்ணீர் தெளியும் வரை விட்டு, மறுபடி மடக்கி மாட்ட வேண்டும். இருபது நிமிட வேலை. முதலில் ஐந்து பேர் முறை போட்டோம், இப்போது நானும் எதிர் வீட்டு அக்காவும் மட்டும்தான், அவர் என்னைவிட ஒழுங்காகச் செய்கிறார். உப்புப் படிந்து டிரிப்பர் வாயில் வெள்ளையாகக் கட்டியதற்குப் பெரியப்பா ஒருமுறை வந்து ஆசிட் விட்டுக் கொடுத்தார். கையுறை, கண்ணாடி, தண்ணீரில் ஆசிட்டை ஊற்ற வேண்டுமே தவிர ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது, ஒருநாள் குழாய்க்குள் நிறுத்தி வைத்து மறுநாள் முழுக்கக் கழுவிவிட வேண்டும். தெரிந்தவர் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். பராமரிப்புக்கு வருகிறவர்கள் இதைச் செய்வார்களா என்று கேட்டுப் பாருங்கள், எங்களிடம் வந்தவர்கள் கத்தரிக்கோலை மட்டும்தான் கொண்டுவந்தார்கள்.

போன போகிக்கு ஒரு விஷயம் நடந்தது. காப்புக் கட்ட ஆவாரம்பூவும் பூளைப்பூவும் வாங்க எங்கள் நகர்ப் பெண்கள் வழக்கமாக மார்க்கெட்டுக்குப் போவார்கள். இந்த முறை காலையில் எழுந்து பார்த்தால் பூங்காவில் கூட்டம். ஆளுக்கு இரண்டு கொத்து, வேப்பிலை எதிரே மரத்தில். மத்தியானத்துக்குள் ஆவாரை எல்லாம் மொட்டை. தலைவருக்கு முகம் வாடிவிட்டது. எனக்கு வாடவில்லை, மாசியில் திரும்பப் பூத்துவிட்டது, இப்போது கவாத்து பண்ணிவிட்ட மாதிரி அடர்த்தியாக இருக்கிறது. கொரியன் புல் இருந்த பத்து வருடத்தில் அந்தப் பூங்காவிலிருந்து யாரும் எதையும் வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை.

மதிப்பெண் கேட்கிறீர்கள் என்றால், செடித் தேர்வும் நடவும் ஐந்தில் நான்கு, நம் பட்டியலோடு போனால். சொட்டுநீர் வேலை இரண்டு. வேலைக்குப் பிறகான சேவை ஒன்று, அந்த ஒன்றும் டிரிப்பர் மாற்றிக் கொடுத்ததற்காக. விலை அதிகம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும், மற்ற இரண்டு பேர் இதைவிட அதிகம் கேட்டார்கள். இவர்களிடமே கொடுப்பதானால் டிரிப்பர் ரகமும் பில்டர் ரகமும் கேஜும் மோட்டாரும் தாளில் வரட்டும், வால்வு குறைந்தது மூன்று என்று எழுதுங்கள், முதல் வருடத் தண்ணீர் யார் பொறுப்பு என்று எழுதுங்கள், பத்து சதவீதமாவது ஒரு கோடை முடியும் வரை கையில் வையுங்கள்.

எங்கள் 40,000 இன்னும் எங்கள் கையில்தான் இருக்கிறது. போன வாரம்கூடப் போன் வந்தது. ரெயின் சென்சாரைத் தொட்டிக்கு அடியிலிருந்து எடுத்து மழை படுகிற இடத்தில் மாட்டிவிட்டுச் செக்கை வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறோம். அடுத்த வாரம் ஆள் வருகிறார் என்றார்கள்.